கரையிலிருந்து வந்த சுவர்

1.
இந்தக் கதை முழுதும் என்னுடையதல்ல. தூத்துக்குடி பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏலே, உங்க வீட்டுச் சுவரு அம்புட்டும் எங்க குளத்துக்கரை மண்ணுதாம்லே!" என்று கத்திவிட்டு ஒருவர் இறங்கிப் போனார். மிச்சம் என் கைச்சரக்கு.

2.
(முதல் தொடக்கம்: 'வானம் பொத்துக்கொண்டு...' வேண்டாம். எல்லாக் கதையிலும் அது ஊற்றியாயிற்று.)

1944, கார்த்திகை. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். தூத்துக்குடிக்குக் கருப்பட்டி ஏற்றிவிடும் தாணுலிங்கம் குளத்துக்குக் கீழே புது வீடு கட்டியிருந்தார். உலகச் சண்டை நடந்ததால் சிமெண்ட் கிடைக்கவில்லை. சுற்றிலும் தேரி என்னும் செம்மணல் மேடு; பிடித்தால் கையில் நிற்காது. பிடிப்பான மண் குளத்துக்கரையில்தான் இருந்தது. ஊரே செய்ததை அவரும் செய்தார், கரையை வெட்டி வண்டியில் ஏற்றினார். வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரை வீட்டுக்கு வீடு சுவராகப் பிரிந்து நின்றது. எல்லாரும் பத்திரமாக இருப்பதாக நம்பினார்கள்.

3.
விடாத மழையில் குளம் நிரம்பி, தாணுலிங்கம் வெட்டிய இடத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. மணலை அள்ளிப் போட்டார்கள்; கரைந்து போனது. கடைசியாக வெட்டியவர் அவர்தான் என்று ஊரார் கடப்பாரையோடு அவர் வாசலுக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, உங்க சுவர் மண்ணைத் தாங்க. கரை உடைஞ்சா ஊரே போயிரும்."

"உள்ள எம்மவ பச்ச ஒடம்புக்காரி, பிள்ளையோட கிடக்கா. மழையிலயா போடச் சொல்லுதிய? உங்க சுவரெல்லாம் வானத்துலேர்ந்தா வந்துச்சு?"



[இங்கே அவரே மனமுவந்து சுவரை இடித்ததாக எழுதி, அடித்துவிட்டேன். அவரை எனக்குத் தெரியும், இடிக்க மாட்டார். அடுத்து, 'கரை உடைந்து...' என்று தொடங்கினேன். பிள்ளையை நினைத்ததும் பயமாகிவிட்டது.]

4.
முடிவு தேடும் அவசரத்தில் நானும் ஊராரும் மகள் செண்பகத்தைக் கேட்க மறந்துவிட்டோம். அவள் பிள்ளையைச் சேலைக்குள் பொதிந்துகொண்டு வெளியே வந்து, தேரி மேட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தாள்.

"வீடு காலியாக் கிடக்கு. இனி யாரும் எம்பிள்ளையச் சாக்குச் சொல்லாதிய."

தாணுலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கடப்பாரையை வாங்கினார். தன் சுவரைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரையும் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் தன் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அதற்குள் தண்ணீர் கரைமேல் வழிந்து

(இந்த வாக்கியத்தை முடித்தால் கரை உடைந்துவிடும். முடிக்க மாட்டேன். கடப்பாரையை நீங்கள் பிடியுங்கள். முதல் இடி யார் சுவரில் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம். பாதி வாக்கியத்தால் எவ்வளவு நேரம் தண்ணீரைத் தடுக்க முடியும்?)