மீனுக்குப் போன பங்கு

எங்கள் வாப்பா கரீம் பாட்சா இறந்து ஒன்பது வருஷமாகிறது. ஆனால் ஆண்டாப் ஹில்லில் எங்கள் சந்து முனையில் இருக்கிற குளத்துக்கு அது தெரியாது. போன வருஷம் வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பங்கு அதற்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கொண்டுபோனவள் நான். அந்தக் குளத்தைக் கொல்லப் பார்த்தவளும் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

எங்கள் சந்தில் பன்னிரண்டு வீடுகளில் இட்லி மாவு அரைக்கிறோம். சயான் முதல் செம்பூர் வரை காலையில் கூடையைத் தலையில் வைத்து இட்லி விற்கிறவர்கள் பாதிப் பேர் எங்கள் மாவில்தான் பிழைக்கிறார்கள். இதை ஆரம்பித்தவர் வாப்பா. மேலப்பாளையத்திலிருந்து பிழைக்க இங்கே வரும்போது அவரிடம் ஒரு ஆட்டுக்கல்லும் ஒரு கொள்கையும் இருந்தன. அரிசி பட்ட தண்ணீர் சாக்கடையில் போகக்கூடாது என்பதுதான் கொள்கை. எந்த ஆலிமும் சொன்ன சட்டமில்லை அது, அவராகப் போட்டது. திங்கிற பொருளைக் கக்கூஸ் தண்ணியோடு சேர்க்க மனசு வரவில்லை அவருக்கு. அரிசி கழுவின தண்ணீரும் ஆட்டுக்கல் கழுவின தண்ணீரும் குளத்துக்குப் போகட்டும், மீனாவது தின்னட்டும் என்று தன் கையாலேயே குழாய் பதித்தார். கரைப் படியில் சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் உள்ளங்கையை ஊன்றி எழுந்தார். அந்தக் கை இன்றைக்கும் அங்கே பதிந்திருக்கிறது. பிறகு வந்த வீடுகள் எல்லாம் அந்தக் குழாயிலேயே சேர்ந்துகொண்டன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புமுன் அன்றைக்கு அரைத்த முதல் மாவில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு படியில் உட்காருவார். கரண்டியால் கிண்ண விளிம்பில் மூன்று தட்டு. டங், டங், டங். அவ்வளவுதான், குளமே அவர் காலடிக்கு வந்துவிடும். நான், தம்பி நசீர், பக்கத்து வீட்டு சிங்கராயர் மகள் அனிஷா எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு விரல் மாவு வழித்துப் போடுவோம். மீன் வந்து விரலைச் சப்பும். அனிஷா அப்போது சின்னக் குழந்தை, வீல் என்று கத்துவாள். வாப்பா சிரிக்கிற சிரிப்பில் வயிறு குலுங்கும். எனக்கு நாற்பத்தெட்டு வயசாகிறது, இன்றைக்கும் அந்தக் கூச்சம் விரல் நுனியில் இருக்கிறது. அந்த நாள் திரும்பி வராதா என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை அழுதிருக்கிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் குளத்தின் நிறம் மாறியது. முதலில் ஓரத்தில் மட்டும் பச்சை. பத்தே நாளில் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி குளம் முழுக்க ஒரே பச்சை, மேலே ஆடை. நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம். சாயங்காலம் படியில் உட்கார்ந்து வம்பளக்கிற பெண்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூச்சிழுப்பு உள்ளவர்கள் இருமித் தள்ளினார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த தெருநாய் ஒன்று மறுநாள் செத்துக் கிடந்தது.

அப்போதுதான் ஒரு காலையில் பார்த்தேன். மீன் எல்லாம் கரையோரம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் கரண்டியால் தட்டவே இல்லை, தானாக வந்திருந்தன.

"ஏல நசீரு, மீனுக்கெல்லாம் பசிக்குதுல! வாயப் பொளந்துகிட்டு நிக்கிது பாரு" என்று கத்தினேன்.

கிண்ணத்தை வைத்துவிட்டு வாளியை எடுத்தேன். மறுநாளும் மீன் வாயைப் பிளந்தபடியே இருந்ததால் இரண்டு வாளி. எதிர்வீட்டு மாரீஸ்வரன் அண்ணாச்சி, விற்காமல் புளித்துப்போன மாவை ட்ரம்மோடு உருட்டிக்கொண்டு வந்து கொட்டினார். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு புண்ணியம் தேடினோம்.

மூன்றாம் நாள் காலையில் குளம் வெள்ளையாக இருந்தது. அத்தனையும் செத்த மீன், வயிற்றைக் காட்டிக்கொண்டு.

நசீர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூன்று மணி நேரம் அள்ளினான். சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் கொப்புளித்துப் போயிற்று. இரவெல்லாம் வாந்தி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். அவன் வீடு திரும்பிய அன்றுதான் வார்டு ஆபீஸ்காரர்கள் குளத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மழைக்கு முன் குளத்தை நீங்களே சரிசெய்யாவிட்டால் மண்ணடித்து மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்படும் என்று எழுதியிருந்தது. வாப்பா உட்கார்ந்த படிமேல் வண்டி நிற்பதா?

என் வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். பின்னால் இருக்கிற சாயப்பட்டறைக்காரனைத் திட்டினேன். பக்கத்துப் பொதுக் கக்கூஸ் காண்ட்ராக்டரைத் திட்டினேன். அனிஷா இப்போது வாஷியில் தண்ணீர் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். அவளைப் பிடித்தேன்.

"எவன் கலக்குதான்னு நீ எழுதி மட்டும் குடு. அவன் வாசல்ல போயி நான் நிக்கேன்."

அவள் நான்கு இடத்தில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனாள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேராக எங்கள் கிரைண்டர் ரூமுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் பேப்பர் இருந்தது, அதை நீட்டவும் இல்லை.

"ஆஸியாக்கா, அது நீலப்பச்சைப் பாசி. அதுல விஷம் இருக்கு. நாய் செத்தது, நசீரண்ணன் கை கொப்புளிச்சது, எல்லாம் அதனாலதான்."

"சரி, எவன் வேல?"

"அந்தப் பாசிக்குத் தீனி வேணும்லாக்கா? சாயப்பட்டறை தண்ணி இந்தப் பக்கமே வரல. கக்கூஸ் தண்ணி கொஞ்சம் கசியுது. மத்ததெல்லாம்..." அவள் கண் தரையில் ஓடுகிற வெள்ளைத் தண்ணீரின் மேல் இருந்தது. "நம்ம குழாய்தான்க்கா."

"காலி பீலி, சும்மா எதையாவது பேசாத. முப்பது வருசமா விடுதோம், அப்பல்லாம் வரலியே?"

"அப்ப மூணு வீடு, மூணு ஆட்டுக்கல்லு. இப்ப பன்னெண்டு வீட்டுல மிஷின் நிக்காம ஓடுது. வெயிலும் ஜாஸ்தி. குளம் எவ்வளவுதான் தாங்கும்?"

நான் விடவில்லை. மீனுக்குப் பசித்ததே, நாங்கள் போட்டோமே, அதுவும் தப்பா என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள்.

"அது பசி இல்லக்கா. தண்ணிக்குள்ள காத்து இல்ல. மூச்சு முட்டி மேல வந்து வாயத் திறந்துச்சு. நாம போட்ட மாவு அழுகி, இருந்த கொஞ்சம் காத்தையும் தின்னுட்டுது."

மூச்சுக்குத் தவித்த வாயில் நான் வாளி வாளியாக மாவைக் கொட்டியிருக்கிறேன். அதுவும் வாப்பா பேரைச் சொல்லிக்கொண்டு. போய்க் கிரைண்டரை நிறுத்தினேன்.

அன்று மாலை பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். ஊரையெல்லாம் திட்டிய அதே வாயால், "நாமதான். முதல்ல நான்" என்று சொன்னேன். குழாயை அடைக்கவேண்டும் என்றதும் நசீர் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றான்.

"வாப்பா போட்ட குழாய அடைக்கணுமா? அவுக செஞ்சது தப்புன்னு சொல்லுதியா லாத்தா?"

"அவுக இருந்தா அவுகளே அடைச்சிருப்பாக. மீனு திங்கட்டும்னுதான போட்டாக, மீனு சாவட்டும்னா போட்டாக?"

அவன் வெளியே போய்விட்டான். கூட்டத்தில் அடுத்த சண்டை தொடங்கியது. சாக்கடையில் விடலாம் என்று பாதிப் பேர், அரிசித் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டோம் என்று மீதிப் பேர். கடைசியில் மாரீஸ்வரன் அண்ணாச்சிதான் வழி சொன்னார்.

"ஊருல கழனித் தண்ணிய என்ன செய்வோம்? மாட்டுக்குத்தான வைப்போம்? பாலத்துக்கு அங்கிட்டு பால்கார பையாவோட தபேலா, எரும கட்டுத கொட்டாய் இருக்குல்லா. கெட்டியா உள்ள தண்ணிய ட்ரம்முல புடிச்சிக் குடுப்போம். எரும குடிச்சா கரீம் பாய் கோவிச்சுக்கவா போறாக?"

எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது. மிஞ்சுகிற தெளிந்த தண்ணீர் மட்டும் இனி சாக்கடைக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் விடியற்காலை சிமெண்ட்டும் கொத்துக்கரண்டியுமாகப் படிக்குப் போனேன். நசீர் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தான். "குடு, நான் பூசுதேன்" என்றான். கை எரியும்டா என்றேன், கேட்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு குழாய் வாயில் துணியைத் திணித்து, மெதுவாகப் பூசினான். வாப்பாவின் கை அடையாளத்துக்கு நாலு விரல் தள்ளி நிறுத்திக்கொண்டான். அதன்மேல் ஒரு துளி சிமெண்ட் தெறித்தபோது தன் சட்டை நுனியால் துடைத்தான்.

அந்த மாசம் முழுக்க அனிஷா சொல்லிக் கொடுத்தபடி கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, நீளக் கம்பில் பழைய கொசுவலை கட்டிக் கரையில் நின்றே பாசியை வழித்தோம். தண்ணீரைத் தொடாதீர்கள் என்று இந்தியிலும் தமிழிலும் பலகை வைத்தோம். கக்கூஸ் கசிவை அடைக்க வைத்தோம். வார்டு ஆபீஸ் பெண் அதிகாரி இரண்டு தடவை வந்து பார்த்து ஒரு வருஷம் தவணை எழுதிக் கொடுத்தார். மழை வந்து பாதி அழுக்கைக் கொண்டுபோனது. இந்த மே மாதம் ஓரத்தில் மறுபடியும் கொஞ்சம் பச்சை கட்டத்தான் செய்தது. ஆனால் பரவவில்லை. தவணை முடிந்தபோது அதே அதிகாரி வந்து நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமைகள்தான் எனக்குக் கஷ்டம். முதல் மாவு அரைபட்டதும் கை தானாகக் கிண்ணத்தைத் தேடும். ஒரு வருஷமாக நான் அந்தப் படியில் போய் உட்காரவே இல்லை. போன வெள்ளிக்கிழமை என்ன தோன்றியதோ, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, காலியாகவே எடுத்துக்கொண்டு போனேன். வாப்பா கை ஊன்றிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்டியால் விளிம்பில் தட்டினேன். டங், டங், டங்.

தண்ணீர் சும்மா கிடந்தது. இருந்ததெல்லாம்தான் செத்துப்போயிற்றே, யார் வருவார்கள் என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது கீழே ஒரு நிழல் அசைந்தது. ஒன்றே ஒன்று. முழங்கை நீளம், முதுகில் வெள்ளைத் தழும்பு. பழைய மீன். படியோரம் வரைக்கும் வந்து நின்றது.

நான் முதலில் பார்த்தது அதன் வாயைத்தான். மூடியிருந்தது. மூச்சுக்காக வரவில்லை, சத்தத்துக்காக வந்திருக்கிறது.

கிண்ணத்தைச் சாய்த்து அதற்குக் காட்டினேன். "ஒண்ணும் கொண்டாரல" என்றேன். அது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாலை ஒரு தட்டுத் தட்டி உள்ளே போய்விட்டது.