பாலம் கேட்டவள்

பாலம் வேண்டுமென்று சின்னத் தீவில் முதலில் வாய் திறந்தவள் நர்சம்மாதான். பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோன இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் நடுக்கடலில் அவள் மடியிலேயே போய்ச்சேர்ந்தார்கள். அதன்பிறகு மனுவும் கையுமாக அலைந்தாள். "செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்" என்று ஊரே கேலி பேசியது. அவள் விடவில்லை.

கடைசியில் பாலம் வந்தது. அடியில் பாறை சிக்காமல் நடுத்தூண் ஒருமுறை சரிந்தது. மறுபடி துளைத்து, இரும்புக் குழாய் இறக்கி, கான்கிரீட் கொட்டினார்கள். அங்கே கிரேன் ஓட்டியவனுக்கே மகளைக் கட்டிக்கொடுத்தாள்.

"இனிமே பெரிய தீவு பக்கத்து வீடு மாதிரி, அத்தை" என்றான் மருமகன்.

அதுவே வினையாயிற்று. பாலம்தான் இருக்கிறதே, சின்னத் தீவுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்றது மேலிடம். கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, அந்தப் பாலத்தின் வழியாகவே கொண்டுபோனார்கள். நர்சம்மாவுக்கும் அங்கேயே மாற்றல். ஏற ஆளில்லாமல் படகும் நின்றது.

மகளுக்கு வலி எடுத்த அன்று புயல்கூட இல்லை, வெறும் காற்று. நர்சம்மாவும் உடன் ஏறிக்கொள்ள, மருமகன் வேனை விரட்டினான். பாலத்து வாசலில் தடுப்பு இறங்கியிருந்தது.

"காத்து பலமா இருக்கும்மா. வண்டி கவுந்துடும்" என்றான் காவலாளி.

"உள்ள என் பொண்ணு துடிக்கிறாப்பா!"

"அடங்கட்டும்மா. விட்டா என் வேலை போயிடும்."

மருமகன் தடுப்பைப் பிடித்து உலுக்கினான். அவனும் அவன் ஆட்களும் கட்டியதாயிற்றே, அசையவில்லை.

வேனுக்குள்ளேயே நர்சம்மா பிரசவம் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை அது. பேரன் நீலம் பாரித்து வந்தான். வாயில் வாய் வைத்து ஊதினாள். விரலால் நெஞ்சை அழுத்தினாள். பிள்ளை ஒரு தடவைகூட அழவில்லை.

மகள் வேன் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "நீ கேட்டு வாங்கின பாலம்தானேம்மா" என்றாள்.

தாயிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அடுத்த பாலத்து வேலைக்குக் கணவன் போன ஊருக்கு அவளும் போய்விட்டாள்.

நர்சம்மா தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறாள். ஒருநாள் நெரிசலில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்கம்மா. கால் நனையாம போய்வர்றோம்னா உங்க புண்ணியம்தான்."

"ஆமாங்க. ஏழு ஜென்மத்துக்கும் சேத்து சம்பாதிச்சிட்டேன்" என்றாள் நர்சம்மா.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.