பதினோரு காய்ச்சல்

எங்கள் பள்ளியில் காய்ச்சல் எந்தத் தேதியில் வரும், யாருக்கெல்லாம் வரும் என்பது பத்து நாள் முன்பே தெரியும். பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அங்கே எழுத்தராக இருந்தேன். என் மனைவி அங்கேயே ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவள் இறந்துபோய் மூன்று வருடமாகிறது.

வருடம் ஒருமுறை அரசாங்கம் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பொதுத் தேர்வு வைக்கும். பிள்ளைகளுக்கு அதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. சராசரி மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளைத்தான் வரிசைப்படுத்துவார்கள். முந்தின வருடம் நாங்கள் பதினேழாவது. அந்த எண்ணைக் கேட்டாலே தலைமையாசிரியர் பல்வலிக்காரர்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்.

அதனால் விளையாட்டு வகுப்பு போனது, ஓவியம் போனது, பாட்டு போனது. மூன்று மாதம் பிள்ளைகள் விடைத்தாளின் வட்டங்களைக் கருப்படித்துப் பழகினார்கள். விடை தெரியாவிட்டால் மூன்றாவது வட்டம் என்பது உத்தரவு.

“பத்து வருஷப் பேப்பர எண்ணிப் பாத்துட்டேன்மா. மூணாவதுலதான் அதிகம் விழுது” என்றார் தலைமையாசிரியர்.

“அவ்வளவு நேரத்துக்கு ஒரு பாடமே நடத்தியிருக்கலாமே சார்” என்றாள் என் மனைவி.

முப்பத்திரண்டு பேரில் பதினோரு பேர் எவ்வளவு கருப்படித்தும் தேறவில்லை என்று அவர் முடிவுகட்டினார். மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு வராத பிள்ளை சராசரியில் சேராது என்று ஒரு விதி இருந்தது. பள்ளிக்குப் பக்கத்து டாக்டர் ஒரே மூச்சில் பதினோரு சான்றிதழ் எழுதினார். காய்ச்சல் எல்லோருக்கும் ஒரே அளவு.

பட்டியலில் முதல் பெயர், நாங்கள் ‘வக்கீல்’ என்று கூப்பிடும் பெண்ணுடையது. மாதிரித் தேர்வில் பாதி வட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவாள். “தெரியாதத தெரிஞ்ச மாதிரி எப்படி டீச்சர் அடிக்கறது?” என்பாள். இந்தப் பதினோரு பேரையும் என் மனைவி தினமும் மாலை உட்காரவைத்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். வட்டமே கிடையாது. அவர்களும் தேர்வு நாளை எண்ணிக் காத்திருந்தார்கள்.

‘பிள்ளையை அனுப்பவேண்டாம்’ என்று பெற்றோருக்குச் சொல்லவேண்டியது வகுப்பு டீச்சர். தேர்வுக்கு முந்தின நாள் மதியம் என் மேசை ஃபோனை எடுத்தாள்.

“அம்மா, நாளைக்குப் பாப்பாவ எட்டரைக்கே அனுப்பிடுங்க. நல்லா சாப்டுட்டு வரட்டும்.”

“ஏம்மா, லிஸ்ட் என்ன, நீ பேசறது என்ன?” என்றேன்.

“லிஸ்ட் இன்னும் போகலல்ல? கிழிச்சுப் போடுங்க.”

நான் எதையும் நேரத்துக்கு முன்னால் முடிக்கிற ஆள். பட்டியலும் சான்றிதழ்களும் அன்று காலையே தேர்வு அலுவலகத்துக்குப் போய்விட்டன. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. “சரி, பாத்துக்கறேன்” என்றேன்.

மறுநாள் பதினோரு பேரும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு வந்து நின்றார்கள்.

“இவங்க எப்படி வந்தாங்க?” என்றார் தலைமையாசிரியர்.

“நடந்துதான் சார்” என்றாள் என் மனைவி.

கேட்டில் பெற்றோர்கள் நின்றதால் அவரால் யாரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. தேர்வு முடிந்து தாள்களை வாங்க வந்த அதிகாரி இரண்டு முறை எண்ணினார்.

“முப்பத்திரண்டு இருக்கு. இருபத்தொண்ணுதான வரணும்? பதினோரு பேருக்குக் காய்ச்சல்னு சர்டிஃபிகேட் குடுத்திருக்கீங்க. அது பொய்னா எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்.”

தலைமையாசிரியர் வக்கீலின் நெற்றியில் கைவைத்தார். “லேசா சூடு இருக்கத்தான் சார் செய்யுது.”

“எனக்கு ஒண்ணுமில்ல சார்” என்றாள் அவள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கதான அனுப்பினீங்க? எது சரி?”

என் மனைவி என்னையே பார்த்தாள். பட்டியல் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“ஃபைல்ல இருக்கறதுதான் சார் சரி” என்றேன்.

அதிகாரி பதினோரு தாள்களையும் மேசையில் ஒதுக்கிவைத்துவிட்டு, இருபத்தொன்றை உறையில் போட்டு ஒட்டினார்.

அந்த வருடம் எங்களுக்குப் பதின்மூன்றாவது இடம். தலைமையாசிரியர் வாசலில் பேனர் கட்டினார். பதினொன்றையும் சேர்த்திருந்தால் ஒன்பதாவது வந்திருக்கும். அந்தத் தாள்களை என் மனைவி தேர்வன்று மாலையே வீட்டில் திருத்தியதால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். வக்கீலுக்கு நாற்பதுக்கு முப்பத்தொன்று. ஒன்பது வெறுமை. தப்பு ஒன்றுகூட இல்லை.

“மார்க்க நாளைக்கு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க” என்றாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் மதிப்பெண்களைப் படித்து முடித்ததும் வக்கீல் எழுந்தாள்.

“நாங்க நேத்து வந்தமா, வரலையா சார்?”

“வந்தீங்கம்மா.”

“அப்ப அத எழுதிக் குடுங்க சார்.”

பதினோரு பேருக்கும் பள்ளித் தாளில் எழுதினேன்: தேதி, தேர்வுக்கு வந்தது, எழுதியது, வாங்கிய மதிப்பெண். தலைமையாசிரியர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் முத்திரையும் குத்தினேன். என் மனைவி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். என்னிடம் பேச அதற்குப் பிறகும் நான்கு நாளானது. பேசியிருக்கக்கூடிய நான்கு நாள்.