தங்கையின் பொருட்டு

…எழுத மாட்டாள், யார் காலில் விழுந்து கேட்டாலும் அந்த வரியை அவள் கைப்பட எழுத மாட்டாள், வேண்டுமானால் வக்கீலே எழுதிக்கொள்ளட்டும், அவருக்கென்ன, மின்விசிறிக்குக் கீழே வெற்றிலையை மென்றுகொண்டு, தங்கச்சி கையெழுத்துல இருந்தாத்தான் அம்மிணி படிக்கறவனுக்கு மனசு எளகும் என்று சொல்லிவிட்டார், சொல்வதற்கு வாய் வலிக்கவா போகிறது… கோயமுத்தூர் ஜெயில் மதிலை ஒட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள் சாரதாமணி, திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தும் அவளுக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் அம்மா மருதம்மாள், குத்தவைத்து உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டு. தோள்பையில் அந்த விண்ணப்பம். ஒன்றரைப் பக்கம் எழுதியாயிற்று, மேற்படி கைதி கந்தவேல் என் உடன்பிறந்த அண்ணன், ஐந்து வருஷ தண்டனையில் மூன்றாவது வருஷம் நடக்கிறது, தகப்பன் இல்லாத குடும்பம், வயதான தாய், எல்லாம் சரி, எல்லாம் உண்மை, நடுவில் மட்டும் நான்கு வரிக்கு இடம் காலியாகக் கிடக்கிறது, பல் விழுந்த வாய் மாதிரி. அந்த இடத்தில் வரவேண்டியதை வக்கீல் வாயால் சொல்லிக் காட்டினார், மேற்படி பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என்னைக் குறித்துத் தகாத வார்த்தை பேசியதால், தங்கையின் மானத்தின் பொருட்டு, என் அண்ணன் ஆத்திரத்தில் ஸ்பேனரை வீச நேர்ந்தது… பொருட்டாம். சனிக்கிழமைக்குள் ஜெயில் ஆபீசில் கொடுத்துவிட்டால் ஆகஸ்ட் பதினைந்துக்கு விடுகிறவர்கள் பட்டியலில் பேர் வர வழியுண்டு, இன்றைக்கே சனி, இதை விட்டால் இன்னும் இரண்டு வருஷம். இரண்டு வருஷம் ஒரு தட்டில், நான்கு வரி ஒரு தட்டில். யார் வைத்த தராசு இது, இவளைக் கேட்டா வைத்தார்கள்?

கேட்கவே இல்லை, அதுதான், அதுதான் நெஞ்சில் எரிகிறது, அவள் பெயரைச் சொல்லி ஒருத்தன் ஸ்பேனரை வீசி இன்னொருத்தன் கண்ணைக் கெடுத்தான், இன்னொருத்தர் அதைக் கோர்ட்டில் ஏற்றினார், ஜட்ஜ் அதைக் கேட்டுத் தலையாட்டி ஏழு வருஷத்தை ஐந்தாக்கினார், இத்தனையும் நடக்கும்போது அவள் கல்லூரி லைப்ரரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள், தன் மானம் போனதும் தெரியாது, மீட்கப்பட்டதும் தெரியாது. ஊருக்கு வந்து இறங்கினால் மண்ணரை முழுக்கத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து சிரிக்கக் கூடாது. தண்ணிக் குழாயடியில் எதற்கோ சிரித்துவிட்டாள், பக்கத்து ஊட்டுக் கருப்பாத்தாள் குடத்தை நிமிர்த்திக்கொண்டே, சிரி கண்ணு சிரி, உனக்காகத்தானே ஒருத்தன் உள்ள களி திங்கறான், என்றாள், நல்லவள்தான், அதை நல்லவிதமாகவே சொன்னாள், அதுதான் இன்னும் மோசம். பி.ஏ. பாஸ் என்று பேப்பரில் நம்பர் வந்த அன்றைக்கு அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள், அவனால உண்டான படிப்பு என்று. அவன் எப்போது படிக்க வைத்தான்? ஸ்காலர்ஷிப்பில் படித்தவள், விடுமுறைக்கு வீரபாண்டிக் கம்பெனியில் பனியனில் நூல் பிசிறு வெட்டிப் படித்தவள், இப்போது டிகிரி வாங்கியும் அதே வீரபாண்டியில் அதே பிசிறு, கத்தரிக்கோல் போட்ட காய்ப்பு விரலில் கல் மாதிரி, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்காரன் அடுத்த மாசம் வாம்மா என்கிறான், அங்கத்திய சூப்பர்வைசர் மாறிவிட்டான், பிசிறு மாறவில்லை. இதில் பதினைந்து நாளுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் தவறாமல். அன்புள்ள அண்ணாவுக்கு, இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் யார், இரண்டு பேர். அங்கே ஒருத்தன் பிரித்துப் படித்து முத்திரை குத்தித்தான் அண்ணனுக்குக் கொடுப்பான் என்று தெரியும், அதனால் போன வருஷம் ஒரே ஒரு தடவை தவிர, சொல்ல ஒன்றுமில்லாததையே சொல்லி, மழை, ரேஷன், அம்மாவின் முட்டி வலி, எழுதி முடித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு எச்சில் தொட்டு ஒட்டுவாள், வேறு என்ன செய்வாள், அவளுக்காக உள்ளே இருக்கிறவன் அல்லவா.

அந்த சூப்பர்வைசர் ரத்தினசாமி, அந்த மனுஷன் மேல் வந்த கோபமாவது சுத்தமான கோபம். போன மாசியில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள், ஒரு கண்ணுக்கு மேல் கறுப்புக் கண்ணாடி, கையில் பிள்ளைக்கு வாங்கின ஸ்லேட்டு, முன்பெல்லாம் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனால் நல்லாப் படிக்கறயா கண்ணு என்று கேட்பான், கேட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் அந்தப் பேச்சு, என்ன பேச்சு என்று இதுவரை ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை, சொல்லக் கூடாத பேச்சு என்று மட்டும் சொன்னார்கள், அவளே நூறு விதமாக இட்டுக்கட்டிப் பார்த்துக் கூசிப்போயிருக்கிறாள். நேரே போய் நின்றாள். பஸ் ஏற வந்தவர்கள் வட்டம் கட்டினார்கள். அவன் குரலே எழும்பாமல், நான் உன்னய ஒரு வார்த்தை சொல்லலீங்க கண்ணு, எம்பட புள்ளைக மேல சத்தியமுங்க, என்றான். சின்னப் பெண்ணிடம் ங்க போட்டுப் பேசுகிறான் பார், பயம், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தாள். இன்னொரு கண்ணும் போனாத்தான் உண்மையப் பேசுவீங்களா, என்றாள். சொன்ன அந்த நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஊட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் தலை நிமிர்ந்தே இருந்தது… அதை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

வரிசை நகர்ந்தது. வாசலில் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள், சோப்பு, எண்ணெய், நிலக்கடலை, எல்லாம் சரி, அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிவன்மலை முருகன் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள், வார்டர் அதை விரலில் தொட்டு மோந்து, பொடி கிடி உள்ள உடறதில்ல ஆத்தா, என்றான். சாமி, துண்ணூறுங்க சாமி, நெத்தியில வெச்சுக்கறதுங்க. எனக்கு வெச்சுட்டுப் போ, நானும் உள்ளதான் கெடக்கறேன், உன்ற மகனாச்சும் ரெண்டு வருசத்துல போயிருவான், என்றான் அவன், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா உண்மையாகவே எட்டி அவன் நெற்றிக்குப் பூசப் போனாள், அவன் குனிந்தும் கொடுத்தான். சாரதாமணிக்கு அழுகை வருகிற மாதிரி கோபம் வந்தது, இந்த அம்மாவை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது.

உள்ளே இரண்டு கம்பி வலை, நடுவே ஒரு ஆள் நடக்கிற இடைவெளி, அதில் ஒரு வார்டர் மேலும் கீழும், இந்தப் பக்கம் இருபது பேர் கத்துகிறார்கள், அந்தப் பக்கம் இருபது பேர் கத்துகிறார்கள், பத்து நிமிஷம். அண்ணன் இன்னும் இளைத்திருக்கிறான், கழுத்தெலும்பில் தண்ணீர் நிற்கும் போல, அம்மா வலையில் முகத்தைப் பதித்து, தின்னயா சாமி, தூங்கறயா சாமி, என்று கேட்டு அவன் பதில் காதில் விழாமலேயே தலையாட்டி, பிறகு தாங்க மாட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆறு நிமிஷம் இருக்கும். சாரதாமணி கத்தினாள். விண்ணப்பம் எழுதிட்டேனுங்ணா, ஆனா அந்த வரிய மட்டும் எழுத மாட்டேன். அவன் காதைத் திருப்பினான். எந்த வரி? எனக்காகத்தான் அடிச்சீங்கங்கற வரி. அவன் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டான், பக்கத்தில் ஒருத்தன் தன் பெண்டாட்டியிடம் எருமை விற்றதற்குத் திட்டிக்கொண்டிருந்தான், எருமை, எருமை என்றே காதில் விழுந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவில் அண்ணன் ஏதோ சொன்னான், என்னங்ணா, என்று கத்தினாள், அவன் நடுவே போகிற வார்டர் கடக்கிற வரைக்கும் பொறுத்து, மறுபடி சொன்னான். அது நெசமில்ல அம்மிணி. எது? அவன் உன்னயப் பத்திப் பேசவே இல்ல.

பேசவே இல்லை. எருமை, எருமை. பின்னே எதுக்குங்ணா? ஊசி ஒடஞ்சிருச்சு, என்றான், என்னவோ நேற்று நடந்த மாதிரி, வலது கை தானாக மேலே போய் ஓடுகிற பனியன் நெசவு மெஷினைத் தடவிப் பார்க்கிற மாதிரி அசைந்தது. ரெண்டு ஷிப்ட்டு ஒண்ணாப் பாத்தனா, கண்ணசந்துட்டேன், ஊசி ஒடஞ்சது தெரியல, ரோல் முழுக்க மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு, மொத்தத் துணியும் கழிவு. அதை அவன் தரையில விரிச்சு எல்லாத்தயும் கூப்புட்டுக் காமிச்சான், கட்டிங்காரன், மடிக்கற புள்ளைக எல்லாத்தயும், பாருங்கடா நம்ம பெரிய ஆப்பரேட்டர் நெய்த லச்சணத்தைன்னான், என்ற கையில ஸ்பேனர் இருந்துது. அவள் அந்தக் கோட்டை மனசில் பார்த்தாள். ஊசி உடைந்தால் விழுகிற கோடு அவளுக்குத் தெரியும், தினம் பிசிறு வெட்டுகிற மேஜையில் அந்தக் கோடு கண்ணில் பட்டால் எடுத்துத் தனியாக எறிவாள், அதற்கா, ஒரு கோட்டுக்கா ஒரு மனுஷன் கண். கோர்ட்டுல ஏன் சொல்லலீங்க? அவன் அவளை விநோதமாகப் பார்த்தான். அதப் போயி எப்படி அம்மிணி சொல்றது, ஊரு பூராத் தெரிஞ்சிராதா, துணியில கோடு உட்டவன்னு. வக்கீல் கேட்டாரு, ஊட்டுல பொம்பளப் புள்ளைக இருக்குதான்னு. இருக்குதுங்கன்னேன். பாக்கி அவரு சொன்னதுதான்.

அவள் ஏதோ கத்தியிருக்க வேண்டும், வார்டர் திரும்பிப் பார்த்தான். அண்ணன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், போன வருசம் ஒரு லெட்டர் போட்டியே, யாரு உங்கள எனக்காக அடிக்கச் சொல்லிக் கேட்டாங்கன்னு, ரெண்டே வரி… அது ஒண்ணுதான் நீ எழுதுன மாதிரி இருந்துது, தலமாட்டுல வெச்சிருக்கேன், அதப் படிச்சதுல இருந்து சொல்லோணும்னுதான், லெட்டர்ல எழுதுனா அவனுக படிப்பானுக… மணி அடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் இன்னும் உரக்கக் கத்தினார்கள். அவன் போகிற போக்கில் திரும்பி, ஆனா எழுதிப்போடு, அது இருந்தாத்தான் உடுவாங்களாம், என்றான். கெஞ்சவில்லை. மழை வந்தால் துணியை எடுத்துப்போடு என்கிற மாதிரி.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள், ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், கிளார்க் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, எழுதியாச்சாம்மா, என்றுவிட்டான். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன கண்ணு சொன்னான், ரொம்ப நேரம் பேசிட்டிருந்தானே, என்றாள். சாப்பாடு பரவாயில்லையாம். மொகத்துல ஒரு தெளிவு தெரிஞ்சுது, இல்ல? ஆமாங்கம்மா. இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் மூன்று வருஷமாக… இல்லை, இவளுக்குத் தெரியாது, இவள் முகத்தில் பொய் நிற்காது. சாரதாமணி தாளை முழங்காலில் விரித்தாள். இனி அவள் யாருக்கும் காரணம் இல்லை. கருப்பாத்தாள் முகத்துக்கு நேரே சிரிக்கலாம், நாளைக்கே, குடத்தைக் கீழே வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிக்கலாம். மூன்று வருஷம் கழுத்தில் கிடந்த கல் இறங்கிவிட்டது, இறங்கியதும் ஒரு மனுஷி என்ன செய்வாள், பெருமூச்சு விடுவாள், வரவில்லையே, மூச்சே வரவில்லையே… யாரோ எதையோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி. எதைப் பிடுங்கினான்? ரத்தினசாமியை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி அப்படிப் பேசும்போது அவள் பி.ஏ. படித்தவளாகவா நின்றாள், ஒருத்தன் தன் வாழ்க்கையையே கொடுத்துக் காப்பாற்றின தங்கையாகத்தானே நின்றாள், யார் கேட்டார்கள் என்று எழுதிக்கொண்டே உள்ளுக்குள் எங்கேயோ அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு… சீ. கடைசியில் அது அவளுக்காக இல்லை, ஒரு துணிக்காக. யாரும் அவளுக்காகக் கையை ஓங்கவில்லை. அந்த மனுஷன் பிள்ளைகள் மேல் செய்த சத்தியம் உண்மை, அவனிடம் போக வேண்டும், போய் என்னவென்று சொல்வாள், இந்தத் தாளில் இதை எழுதிக் கொடுத்துவிட்டு எந்த வாயால் சொல்வாள், எழுதாவிட்டால் அந்தக் கழுத்தெலும்பு இன்னும் இரண்டு வருஷம்… அப்புறம் எழுதலாங்களா, என்று கேட்டாள் ஜன்னலைப் பார்த்து, இப்பவே மணி பன்னெண்டே முக்காலும்மா, என்றான் கிளார்க். எழுதிரு கண்ணு, என்றாள் அம்மா, வார்டருக்குப் பூசியது போக மிச்சமிருந்த திருநீற்றைத் தாளின் ஓரத்தில் ஒரு கோடாக இழுத்துவிட்டபடி. சாரதாமணி பேனாவின் மூடியைக் கழற்றினாள். தங்கையின், என்று எழுதிவிட்டது கை. உண்மை என்று நினைத்த வரைக்கும், காலை வரைக்கும், செத்தாலும் எழுத மாட்டேன் என்று நின்ற கை, பொய் என்று தெரிந்த பிறகு ஏன் இப்படி, யாரும் தள்ளாமலேயே, அடுத்த வார்த்தைக்கு நகர்கிறது?