ஊஞ்சலுக்கு விழுந்த தீர்ப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கிறவரைக் கட்டிக்கொண்டால், வீட்டில் விசாரணை இல்லாமலே தீர்ப்பு வரும். எங்கள் ராஜபாளையம் வீட்டுக் கூடத்தில், மேலே சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விட்டபோது என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் அண்ணாந்து பார்த்தார். விரிசல் ஊஞ்சல் கொக்கியை ஒட்டி ஓடியது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏட்டி பியூலா, நீ ஆடுற ஆட்டத்துக்குக் கட்டடம் தாங்குமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன், அதற்காக வீட்டை இடிக்கிற ஆளா? பேண்டேஜ் மில்லில் பகல் முழுக்க நின்றுகொண்டே துணி சோதிக்கிறேன். சாயங்காலம் அந்தப் பலகையில் உட்கார்ந்து, கால் தரையை விட்டு எழும்பும்போதுதான் எனக்கு உயிர் திரும்பி வரும். இந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அது.

சொன்னால் கேட்டால்தானே? ஊஞ்சலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார். கொத்தனார் ராக்கப்பன் வந்தார். கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார்.

"பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருற எடத்துல வலை ஒட்டணும் சார்."

"வலை எதுக்கு? இவ மில்லுல கழிச்சுப் போட்ட பேண்டேஜ் கெடக்கே!" என்றார் பெலிக்ஸ்.

ஊரெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற ராஜபாளையத்துக்காரருக்குத்தான் இந்த யோசனை வரும். அடிபட்டவன் தலைக்குப் போடுவது போல விரிசலுக்குக் கட்டுப் போட்டு, அதன்மேல் பட்டி பார்த்து வெள்ளையடித்தார்கள்.

மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, விரிசல் அதே இடத்தில் பல்லைக் காட்டியது. ஊஞ்சலோ சுவரோடு சாய்ந்து கிடந்தது.

"இப்ப யாருங்க ஆடினா?" என்று கேட்டேன்.

"நீ முன்னால ஆடினதோட பலன் இது," என்றார் கூசாமல். மேல்முறையீடும் தள்ளுபடி! அதோடு விட்டாரா? பழைய மரச்சாமான் வாங்குகிறவரை ஞாயிற்றுக்கிழமை வந்து பலகையைத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெலிக்ஸ் வழக்கம்போல் மொட்டைமாடிக்குப் போனார். அங்கேதான் அவருடைய கத்தரித் தோட்டம். கூமாப்பட்டியிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சாக்குச் சாக்காக நிரப்பி வைத்திருக்கிறார். வாராவாரம் ஊற்றுகிற கடலைப்புண்ணாக்குக் கரைசலை அன்றும் குடம் குடமாக ஊற்றிவிட்டு, கூடத்தில் வந்து இட்லிக்கு உட்கார்ந்தார். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது மேலே ஏதோ உரிகிற சத்தம் கேட்டது. பட்டியும் பேண்டேஜுமாகப் பிய்ந்து, தொப்பென்று அவர் தலையில் விழுந்தது.

நான் அதை எடுத்துப் பிழிந்தேன். துணி எவ்வளவு நீர் குடிக்கிறது என்று பார்ப்பதுதானே என் வேலை? பழுப்புத் தண்ணீர் வழிந்தது. முகர்ந்துவிட்டு, அவர் மூக்கருகே நீட்டினேன்.

"மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சு? இது என்ன வாடைன்னு நீங்களே சொல்லுங்க."

முகர்ந்தார். மேலே பார்த்தார். "புண்ணாக்கு," என்றார் மெல்ல. எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

அந்நேரம் பார்த்து வாசலில் மரச்சாமான்காரர் வண்டி ஹார்ன் அடித்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பெலிக்ஸ் தலையில் ஒட்டிய சுண்ணாம்போடு எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஊஞ்சல் குடுக்கதா இல்லைய்யா. கத்தரிச்செடி வேணும்னா ஏத்திட்டுப் போங்க."

சாக்குகளைப் பின்கட்டுக்கு இறக்க அவருக்கு அன்று பொழுது முழுக்கச் சரியாய்ப் போயிற்று. நான் ஒரு கை கொடுக்கவில்லை. ராக்கப்பன் மறுபடி வந்து மாடித் தளத்தின் கசிவை அடைத்தார், கீழே பூசினார், நன்றாகக் காய்ந்த பிறகு ஊஞ்சலை மாட்டினார்.

"கொக்கி உத்தரத்துல இறங்கியிருக்குக்கா. ஆனை உக்காந்தாலும் அசையாது."

ஆனை என்றதும் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஏறி உட்கார்ந்து தரையை ஓர் உந்து உந்தினேன். கால் எழும்பியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, நான் துடைக்கவில்லை.

ராக்கப்பன் போனதும் பெலிக்ஸ் பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"ஏட்டி, செத்த தள்ளி உக்காரு. நானும் வாரேன்."

"ரெண்டு பேரு ஆடுற ஆட்டத்துக்குக் கட்டடம் தாங்குமா?"

அவர் பொட்டலத்தைப் பிரித்து, முதல் வாயை எனக்கு ஊட்டினார். நானும் நகர்ந்து இடம் கொடுத்தேன்.