ஃபில்டரைக் கழற்றிய கை

கிரகணப் படங்களைத் திரையில் வரிசையாக விரித்தபோது அவள் முதலில் தேடியது பிழையைத்தான். அவர்களுடைய ஸ்டூடியோவில் படமெடுப்பவன் கணவன், திருத்துபவள் அவள். அவன் சாய்த்து எடுத்தவற்றை நிமிர்த்துவதும், அசைத்து எடுத்தவற்றை ஒதுக்குவதுமாகவே அவர்களது மணவாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருந்தது. இம்முறை பிழையே இல்லை. அதுதான் உறுத்தியது.

சூரியனைப் படமெடுக்கும் லென்ஸின் முன்னால் ஒளியை மட்டுப்படுத்தும் ஃபில்டர் ஒன்று இருக்கும். முழுக் கிரகணத்தின்போது, கடைசி ஒளிப்பொட்டு அணையும் நொடியில் அதைக் கழற்றியாக வேண்டும். கேமரா தானாகவே படமெடுத்துக்கொண்டிருக்கும். ஃபில்டர் தானாகக் கழன்றுவிடாது. இங்கே அது இம்மியும் பிசகாமல் கழற்றப்பட்டிருந்தது.

ஆனால் திரும்பி வந்ததிலிருந்து அவன் பார்ப்பவர்களிடமெல்லாம் வர்ணித்தது வேறு. சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றானாம். ஏரிக்கு அப்பாலிருந்த மரங்களை விழுங்கிக்கொண்டு நிலவின் நிழல் தண்ணீர்மேல் ஓடிவந்து, தன் காலடியைத் தொடும்வரை கண்ணை எடுக்கவே இல்லையாம். அவளுடைய தம்பிகூட, "அத்தான், நீங்க போட்டோ எடுக்கப் போனீங்களா, கதை எழுதப் போனீங்களா?" என்று சீண்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நிழல் காலைத் தொடுவதும் ஃபில்டரைக் கழற்றுவதும் ஒரே நொடி. நிழலைப் பார்த்தவன் அவன் என்றால், கழற்றியது வேறொரு கை. கழற்றியவன் அவன் என்றால், நிழலைப் பார்த்து அவனுக்குச் சொன்னவை வேறு கண்கள். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த ஏரிக்கரையில் இன்னொருவர் நின்றிருந்தார். தானும் வருவதாக அவள் சொன்னபோது, "ரெண்டு பேரும் போனா கடைய யாரு பாத்துக்கறது?" என்று தட்டிக்கழித்துவிட்டுத் தனியே கிளம்பியவன் அவன்.

காபியுடன் அவன் உள்ளே வந்தான். அவள் திரையிலிருந்து திரும்பவில்லை.

"ஏங்க, ஃபில்டரை யாரு கழட்டினது?"

"நான்தான். வேற யாரு?"

"அப்ப நிழல்?"

கோப்பையை வைக்க இடம் தேடுபவனைப் போல அவன் மேசையைப் பார்த்தான். மேசை காலியாகத்தான் இருந்தது. "அதையுந்தான் பாத்தேன்," என்றவன், திரையை எட்டிப் பார்த்து, "ஏன், படம் சரியா வரலையா?" என்றான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அதனாலதான் கேக்கறேன்."

அவன் கோப்பையுடன் அவள் பின்னாலேயே நின்றான். அவள் இருப்பதிலேயே அதிக நேரம் ஒளி வாங்கிய படத்தைத் திறந்தாள். வெள்ளிப் பிழம்பின் நடுவே நிலவு வெறும் கருவட்டமாக இருந்தது. இருண்ட பகுதிகளுக்கு வெளிச்சம் கூட்டும் ஸ்லைடரை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள். கருமைக்குள்ளிருந்து, பூமியில் பட்டுத் திரும்பிய மங்கலான ஒளியில், நிலவின் சாம்பல் நிறத் திட்டுகள் எழுந்தன. பிறகு அவற்றின் விளிம்புகள். பிறகு, யாரோ இருட்டறையிலிருந்து வாசலுக்கு வருவதைப் போல, ஒரு முகம்.

"போதும்," என்றது பின்னாலிருந்து அவன் குரல். "இதுக்கு மேல ஏத்தினா புள்ளி புள்ளியா உடைஞ்சிடும்."

ஸ்லைடரில் இன்னும் பாதித் தூரம் மிச்சமிருந்தது.