எண்ணெய் விடாத கடலை

என் மனைவி பியாட்றிஸ் ஒன்பது கிலோ மெலிய வேண்டியிருந்தது. அழகுக்காக அல்ல; ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு அந்த ஆசை இல்லை. அவளுடைய தம்பி அருள்நேசனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அக்காவின் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்தது. லண்டனில் இருக்கிற அண்ணனுக்குச் சீனி வருத்தம், அவரை எடுக்கமாட்டார்கள். ஆக, இவள் ஒருத்திதான்.

ஆனால் இவள் எண்பத்தொரு கிலோ. இந்த நிறையோடு சத்திரசிகிச்சை செய்தால் ஆபத்து என்றார் டொக்டர். எழுபத்திரண்டுக்கு இறங்கி வரச் சொல்லி மூன்று மாதம் தந்தார்.

"எழுபத்திரண்டரை எண்டால், டொக்டர்?" என்று இவள் கேட்டாள்.

"எழுபத்திரண்டு, அம்மா."

அன்று பின்னேரமே ரொறொன்ரோவில் இருக்கும் எங்கள் மகள் நிமலினி வீடியோவில் வந்து சமையல் வகுப்பு நடத்தினாள். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு, பஞ்சுபோல அவித்து, தோல் நீக்கி, உள்ளி, தேசிக்காய்ப்புளி, நற்சீரகம் போட்டு அரைக்க வேண்டும். எள்ளு விழுதுக்குப் பதிலாக ஆடை எடுத்த தயிர். அதன் பெயர் ஹம்முஸ். கடலை அலுத்தால் அதேபோலக் கௌப்பிப் பயறை மிளகோடு அரைக்கலாம். இவற்றைப் பாணில் பூசக்கூடாது. கெக்கரிக்காயையும் கரட்டையும் வெட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

"ஒரு துளி எண்ணெயும் விடக்கூடாது, அப்பா. அம்மா கெஞ்சினாலும் விடாதேங்கோ."

"கடலைச் சம்பலுக்கு உவ்வளவு பெரிய பேரோ?" என்று சிரித்தாள் பியாட்றிஸ். அரைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவள் அரைத்தால் ருசி பார்த்தே அரைவாசியை முடித்துவிடுவாள் என்பது மகளின் தீர்ப்பு.

நான் முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவன். வட்டுக்கோட்டையில் இந்த ஞானரட்ணத்தின் தராசைப் பற்றிக் குறை சொல்ல ஒருவரும் இல்லை. மகள் அனுப்பிய மின்தராசில் கிண்ணத்தை வைத்து, ஒரு நேரத்துக்கு அறுபது கிராம் ஹம்முஸ் என்று அளந்து கொடுத்தேன். அறுபத்தொன்று வந்தால் கரண்டி நுனியால் எடுத்துவிடுவேன். முதல் நாள் அவள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சுவருக்குப் பூசுற சாமான்போல இருக்குது. பரவாயில்லை, தம்பிக்காகச் சாப்பிடுறன்."

அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. புட்டும் முட்டைப் பொரியலும் இல்லாமல் ஒரு ஞாயிறு விடியாது அவளுக்கு. ஆராதனை முடிந்து வந்து, பக்கத்து வீட்டுக் கறி மணக்க மணக்க, கெக்கரித் துண்டை அந்தக் கடலையில் தொட்டுக் கொறித்துக்கொண்டிருப்பாள்.

முதல் மாதம் மூன்று கிலோ குறைந்தது. நிமலினி கை தட்டினாள். இரண்டாம் மாதம் முடிகிறபோது ஆளை நிறுக்கிற தராசின் முள் எழுபத்தேழரையில் நின்றுவிட்டது. தராசில் பிழையோ என்று ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். தராசு சரி. கடலையை ஐம்பது கிராமாகக் குறைத்தேன். தேநீரில் பாலை நிறுத்தினேன். முள் அசையவில்லை. யார்மீது எரிந்துவிழுவது என்று தெரியாமல் கிரைண்டரோடு சண்டை பிடித்தேன்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அருள்நேசன் கலியாணம் கட்டாதவன், நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறான். எங்கள் ஊரில் வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் போவதில்லை. அவனுக்கோ வாழைப்பழம் கூடாது, உப்பு கூடாது, கடலை கூடாது, தண்ணீரே அளந்துதான் குடிக்கலாம். இதெல்லாம் தெரிந்தும் சனம் கேக்கும் இறைச்சி றோல்ஸும் பயத்தம் பணியாரமும் காவிக்கொண்டு போகும். வாங்காவிட்டால் கோபிக்கும். அவன் வாங்கி வைத்து, ஆஸ்பத்திரியால் வருகிற வழியில் ஓட்டோவை எங்கள் வாசல் படலையில் நிறுத்தி, பையை அக்காவிடம் கொடுப்பான்.

"அக்கா, இது வித்தியா ரீச்சர் கொண்டுவந்தது. எனக்கு முன்னாலை சாப்பிட்டிட்டு எப்பிடி இருக்குதெண்டு சொல்லு. அது காணும் எனக்கு."

அவள் சாப்பிடுவாள். "இறைச்சி நல்லா வெந்திருக்குது, தம்பி. மிளகு கொஞ்சம் தூக்கல்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். அவன் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான். கையில் ஊசி குத்திய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டர். ஒரு மனிதன் காதால் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, "பியாட்றிஸ், நீர் அதை வையும்" என்று எந்த வாயால் சொல்வது? மிச்சத்தை அவள் கை வைக்கும் முன் நானே விழுங்குவேன். அந்த இரண்டு மாதத்தில் நான் மூன்று கிலோ ஏறினேன்.

பியாட்றிஸின் கணக்கில் அது சாப்பாடே இல்லை. "அது அவனுக்குச் செய்யிற உதவி. அதிலை என்ன நிறை ஏறப்போகுது?" என்பாள்.

மூன்றாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குப் பாண் வாங்கச் சந்திப் பேக்கரிக்குப் போனேன். டினேஸ் என்கிற பெடியன்தான் அங்கே முதலாளி.

"ஐயா, உங்கடை மச்சான் இப்பதான் போறார். பாவம், அந்த வருத்தத்தோடையும் செவ்வாய் வெள்ளி தவறமாட்டார். ஆறு றோல்ஸ், ஒரு துண்டு பட்டர் கேக். சுடச்சுடத்தான் வேணுமாம்."

நான் பாணை வாங்க மறந்து சைக்கிளை மிதித்தேன். எங்கள் படலையில் ஓட்டோ நின்றது. அவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

"ஆர் தந்தது?" என்று பையைக் காட்டிக் கேட்டேன்.

"வித்தியா ரீச்சர், அத்தான்."

"வித்தியா ரீச்சர் கொழும்புக்குப் போய்ப் பத்து நாள்."

அவன் பொய் சொல்லப் பழகாதவன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். ஓட்டோ போகும்வரை காத்திருந்தான்.

"அக்கான்ரை சிறுநீரகம் வேண்டாமெண்டு டொக்டரிட்டை சொன்னனான், அத்தான். அக்கா அங்கையே அழுதா. வீட்டை வந்து ரெண்டு நாள் சாப்பிடேல்லை. என்ரை சொல்லை அவ கேக்கமாட்டா. என்ரை கையாலை குடுத்தால் மட்டும் வாங்கிச் சாப்பிடுவா. அவவின்ரை நிறை இறங்காமல் மறிக்க எனக்கு வேறை வழி தெரியேல்லை."

"செத்துப்போவாயடா."

"அது எனக்குத் தெரியும்." அவன் நிமிர்ந்தான். "எங்களை விட்டிட்டு அம்மா போகேக்கை எனக்கு ஒன்பது வயசு. அக்காதான் வளத்தவ. அவவை மேசையிலை கிடத்தி வெட்டி எடுத்து, அதிலை நான் உயிரோடை இருக்கவோ? உங்களுக்குச் சம்மதமோ, அத்தான்? நெஞ்சிலை கை வைச்சுச் சொல்லுங்கோ."

முள் நின்ற அன்றைக்கு என் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப் பார்த்தது உண்மை. இவளை வெட்டமாட்டார்கள் என்ற சந்தோசம். அதற்காக என்னை நானே அடிக்க வேண்டும்போல இருந்தது. இவனை மறித்தால் மனைவி கத்தியின்கீழே போவாள். மறிக்காவிட்டால் இவன் போவான். அளவு தெரிந்த மனிதன் என்று பெயர் எடுத்தவன், படலையடியில் மரமாய் நின்றேன். அவன் என்னைத் தாண்டி உள்ளே போனான். "அக்கா!" என்று கூப்பிட்ட குரல் கேட்டது.

அடுத்த புதன் கிளினிக். எழுபத்தேழு கிலோ நானூறு கிராம். டொக்டர் கோபிக்கவில்லை, அதுதான் மோசம். "இன்னும் ஆறு கிழமை பார்ப்போம். அதுக்கு மேலை உங்கடை தம்பியின்ரை உடம்பு தாங்குமோ தெரியாது" என்றார்.

பஸ்ஸால் இறங்கிய பியாட்றிஸ் வீட்டுக்கு வந்து, சீலையும் மாற்றாமல் குசினிக்குள் போய், கிரைண்டர் சாடியை எடுத்து மணந்து பார்த்தாள். விரலால் உள்ளே தடவி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"மூண்டு மாசம் வயித்தைக் கட்டிக்கொண்டு கிடந்தனான். ஒரு பிடி சோறு கூடத் திண்டதில்லை. பிறகெப்பிடி? நீங்கள்தானே அரைக்கிறனீங்கள்." விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மறைக்காமல் சொல்லுங்கோ. என்னை வெட்டக்கூடாதெண்டு நீங்கள் உதுக்குள்ளை எண்ணெய் விட்டனீங்களோ?"

அருள்நேசனின் பெயர் என் நாக்குவரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் அவனிடம் ஓடியிருப்பாள். தான் வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் தம்பியைக் கொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு அவள் என்ன ஆவாள் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

"ஓம்," என்றேன். "விட்டனான்."

அவள் அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் சாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடலைப் போத்தலைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். அன்றிலிருந்து அவளே ஊறப்போட்டாள், அவளே அவித்தாள், அவளே அரைத்தாள். அறுபது கிராமை முப்பதாக்கினாள். நான் குசினிப் பக்கம் போனால் கையிலிருந்ததை மூடிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. பியாட்றிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"தம்பி வாறான். போய்ப் படலையைத் திறந்துவிடுங்கோ" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

போனேன். அவன் கையில் அதே பேக்கரிப் பை. திறந்தேன்.